கோப்பும் மனுவும்: ஜான் ஸ்டூவர்ட் மில்லின் தாராளவாதம் உருவான கதை

ஜான் ஸ்டூவர்ட் மில்லைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு மில்களைக் காட்டுகிறார்கள். ஒருவர் 1859இல் வெளிவந்த ‘சுதந்திரம் பற்றி’ என்ற நூலின் ஆசிரியர். பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒருவருடைய வாழ்க்கையில் தலையிட அரசுக்கோ சமூகத்துக்கோ உரிமை இல்லை என்று வாதாடியவர். மற்றவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமையகத்தில் 35 ஆண்டுகள் சம்பளம் வாங்கிய அதிகாரி. முன்னவரைத் தத்துவத் துறையினர் படிக்கிறார்கள், பின்னவரை வரலாற்றுத் துறையினர் படிக்கிறார்கள். ஆனால் ஆள் ஒருவரே. தத்துவ நூல்களை எழுதிய நாட்களிலேயே இந்தியாவுக்கான ஆணைக் கடிதங்களையும் எழுதியவர் அவர்.

மில்லின் சுதந்திரக் கொள்கை இந்தியாவுக்கு வந்ததும் ஏன் நின்றுபோகிறது என்ற கேள்வி பழையது. தாராளவாதத்தின் அடித்தளத்திலேயே இந்த விலக்கு இருக்கிறது என்பது உதய் சிங் மேத்தா 1999இல் வைத்த வாதம். மில் இந்தியாவிலிருந்தும் சில பாடங்களைக் கற்றுக்கொண்டார் என்று அதற்கு முன்பே, 1994இல், லின் சாஸ்டூபில் காட்டினார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் விடையின் பெரும்பகுதி மில்லின் அலுவலகப் பழக்கத்தில் கிடக்கிறது என்பது என் கருத்து. எல்லாம் எழுத்தில் பதிவாகும் ஒரு நிர்வாகத்தில், ஆளப்படுபவனின் குரலுக்குப் பதிலாகக் கோப்பே போதும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை எப்படி வளர்ந்தது, எங்கே பொய்த்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

தந்தையின் மேசை

மில் பிறந்தது 1806 மே 20, லண்டனின் பென்டன்வில் பகுதியில். அவருடைய தந்தை ஜேம்ஸ் மில் ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த எழுத்தாளர். மகன் பிறந்த அதே ஆண்டில் ‘பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு’ என்ற நூலைத் தொடங்கினார். முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன் என்று தாமே கற்பித்தார். தந்தை வரலாறு எழுதிய அதே அறையில், அதே மேசையில் சிறுவன் கிரேக்கப் பாடம் படித்தான். ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் கிரேக்க அகராதி அப்போது இல்லாததால் தெரியாத சொல்லுக்கெல்லாம் தந்தையைத்தான் கேட்க வேண்டும். பொறுமைக்குப் பேர்போகாத ஜேம்ஸ் மில் எழுத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாராம். நூல் அச்சேறியபோது மகனுக்குப் பதினொரு வயது. கையெழுத்துப் பிரதியை மகன் உரக்கப் படிக்க, தந்தை அச்சுப்படியைத் திருத்தினார். இந்தியாவைப் பற்றி மில் பெற்ற முதல் பாடம் இதுதான்.

அந்தப் பாடத்தின் தன்மையையும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் மில் இந்தியாவுக்கு வந்ததில்லை. இந்திய மொழி எதுவும் தெரியாது. அதைக் குறையாகவும் அவர் எண்ணவில்லை. கண்ணாலும் காதாலும் இந்தியாவில் ஒரு வாழ்நாள் முழுக்கத் திரட்டுவதைவிட, இங்கிலாந்தில் ஓர் அறையில் உட்கார்ந்து ஆவணங்களைப் படிப்பவன் ஓராண்டில் அதிகம் அறிவான் என்று முன்னுரையிலேயே எழுதினார். இந்து நாகரிகத்தைப் படிநிலையில் மிகக் கீழே வைத்த அந்த நூல் கம்பெனி அதிகாரிகளின் பாடநூல் ஆயிற்று. 1840களில் அதைப் பதிப்பித்த சமஸ்கிருத அறிஞர் ஹோரஸ் ஹேமன் வில்சன், ஆசிரியரை அடிக்குறிப்புகளில் விடாமல் மறுத்துக்கொண்டே போனார். மேலே மூலமும் கீழே சண்டையுமாக அமைந்த விசித்திரமான பதிப்பு அது.

ஜேம்ஸ் மில்லின் அளவுகோல் ஜெரமி பெந்தாமிடமிருந்து வந்தது. இன்பத்தைக் கூட்டித் துன்பத்தைக் குறைப்பதே சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் அடிப்படை என்பது பெந்தாமின் பயன்வாதம். பெரும்பான்மையோரின் பெருமகிழ்ச்சி என்ற கருத்து அவருக்கு முன்பே ஹட்சிசனிடம் இருக்கிறது. அதைச் சட்டச் சீர்திருத்தத்தின் கருவியாக்கியதுதான் பெந்தாமின் சாதனை. கணக்கில் ஒவ்வொருவரும் ஒருவராகவே எண்ணப்பட வேண்டும், யாரும் அதற்கு மேல் இல்லை என்ற சமத்துவம் அதில் இருந்தது. ஆனால் கணக்குப் போடுபவர் யார் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

கம்பெனி அந்தக் கேள்விக்குத் தன் வழியில் விடை கொடுத்தது. 1819இல் ஜேம்ஸ் மில்லுக்கு லண்டன் தலைமையகத்தில் வேலை கிடைத்தது. நிலவரியில் அவர் பொருளியலாளர் ரிக்கார்டோவின் வாரக் கோட்பாட்டைப் புகுத்தினார். சாகுபடிச் செலவும் விவசாயியின் நியாயமான ஆதாயமும் போக மிஞ்சுவதே வாரம். அதை அரசு எடுத்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை என்பது வாதம். சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ வளர்த்த ரயத்துவாரி முறை இதற்குத் தோதாக இருந்தது. நடுவே ஜமீன்தார் இல்லாமல் ஒவ்வொரு ரயத்தோடும், அதாவது பயிரிடுபவரோடும், அரசு நேரே கணக்கு வைக்கலாம். ஒவ்வொரு வயலுக்கும் மிச்சம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது யார், கண்டுபிடித்ததை வசூலிப்பது யார் என்பதெல்லாம் லண்டனுக்கு ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நடந்த வேலை.

லெடன்ஹால் தெரு

1823 மே மாதம், பதினேழு வயது நிரம்பியதும், மகனும் தந்தையின் கீழே அதே அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். லெடன்ஹால் தெருவில் இருந்த அந்தக் கட்டடம்தான் இந்தியா ஹவுஸ். அங்கே வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

இந்தியாவிலிருந்து வரும் கடிதத்தோடு இணைப்புகள் கட்டுக்கட்டாக வரும். கலெக்டரின் அறிக்கை, ரெசிடெண்டின் கடிதம், கவுன்சில் உறுப்பினரின் மாற்றுக் கருத்து எல்லாம் அதில் இருக்கும். அவற்றைப் படித்துப் பதில் எழுதுவது ஆய்வாளர் அலுவலகத்தின் பொறுப்பு. எழுதிய வரைவு முதலில் கம்பெனித் தலைவர்களிடமும், பிறகு அரசின் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் போகும். வாரியத் தலைவர் அடிப்பார், சேர்ப்பார், சில சமயம் முழுக்க நிறுத்துவார். திரும்பி வந்ததை இயக்குநர் குழு ஏற்றுக் கையெழுத்திட்ட பிறகே கப்பல் ஏறும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்மரக் கப்பலில் கடிதம் போய்ச்சேரவே ஐந்தாறு மாதம் ஆகும். உத்தரவு சேரும்போது நடந்தது நடந்து முடிந்திருக்கும். எனவே அந்தக் கடிதங்கள் பெரும்பாலும் முடிந்த செயலுக்குத் தீர்ப்பாகவும் அடுத்த செயலுக்கு எச்சரிக்கையாகவுமே அமைந்தன.

சுதேச சமஸ்தானங்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து மில்லின் முக்கியப் பொறுப்பு ஆயிற்று. அவர் வரைந்தவை 1,700க்கு மேல். தனி மனிதனின் விருப்பத்துக்கும் பல கைகள் சேர்ந்து செய்யும் வேலைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த வேலைதான் கற்றுக்கொடுத்தது என்று தன்வரலாற்றில் அவரே எழுதுகிறார். தம்மோடு ஒத்துப்போகாதவர்களையும் ஏற்கச்செய்யும்படி ஒரு கருத்தை எழுத வேண்டும்; முழுதும் கிடைக்காவிட்டால் கிடைத்ததோடு நிறைவடைய வேண்டும். தந்தையின் திண்ணமான பேச்சுக்கும் மகனுடைய நிதானமான நடைக்கும் உள்ள தூரத்தில் இந்த அலுவலகத்துக்குப் பங்கு உண்டு.

1826 இலையுதிர்காலத்தில் வந்த மனநெருக்கடி பலமுறை எழுதப்பட்ட கதை. தம் சீர்திருத்தங்களெல்லாம் நிறைவேறிவிட்டால் மகிழ்ச்சியாக இருப்போமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இல்லை என்று மனம் சொன்னது. வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவரைத் தேற்றின. 1830இல் அறிமுகமான ஹாரியட் டெய்லர் பிற்காலச் சிந்தனையில் பங்காளி ஆனார். 1838இல் பெந்தாம் பற்றியும் 1840இல் கோல்ரிட்ஜ் பற்றியும் எழுதிய கட்டுரைகளில் பழைய பயன்வாதத்தின் குறுகலை மில் வெளிப்படையாகவே விமர்சித்தார். இன்பங்களுக்குள் அளவு மட்டுமல்ல, தரவேறுபாடும் உண்டு என்று பின்னாளில் ‘பயன்வாதம்’ நூலில் அவர் சொன்னதற்கு விதை இங்கே விழுந்தது.

அந்த மாற்றம் அலுவலகத்திலும் தெரிந்தது. 1835இல் மெக்காலேயின் கல்விக் குறிப்பை ஒட்டி, பெண்டிங்க் அரசு கல்விப் பணத்தை ஆங்கிலக் கல்விக்குத் திருப்பியது. ஜேம்ஸ் மில்லின் மகன் இதை வரவேற்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் 1836இல் இதைக் கண்டித்து ஒரு நீண்ட வரைவு எழுதினார். சமஸ்கிருத, அரபுக் கல்விக்கு இருந்த ஆதரவைப் பறித்தால் மக்கள் மதிக்கும் கற்றோர் கூட்டம் பகையாகும். வேலைக்காக ஆங்கிலம் படிப்பவர்களால் மக்களிடம் அறிவைக் கொண்டுசேர்க்க முடியாது. பொதுமக்களின் கல்வி அவரவர் தாய்மொழியிலேயே நடக்க வேண்டும் என்பன அதன் வாதங்கள். மன்றோ, மால்கம், எல்பின்ஸ்டன் ஆகிய நிர்வாகிகளின் எழுத்தையும் கோல்ரிட்ஜின் கற்றோர் குழாம் என்ற கருத்தையும் அதில் காணலாம். வாரியத் தலைவர் ஹாப்ஹவுஸ் அதை நிறுத்திவிட்டார். கடிதம் கப்பல் ஏறவில்லை. இந்திய மக்களின் மனநிலையை மில் மிக நெருங்கி வந்த இடம் அதுவாக இருக்கலாம். அப்போதும் அவர் பேசியது பண்டிதரையும் மௌல்வியையும் பற்றித்தான். ரயத்து அந்த வரைவில் கற்பிக்கப்பட வேண்டியவனாக மட்டுமே வருகிறான்.

1852: இரண்டு சாட்சியங்கள்

கம்பெனியின் சாசனம் 1853இல் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அதற்கான விசாரணையில் 1852 ஜூனில் பிரபுக்கள் சபைக் குழுவின் முன் மில் சாட்சியம் அளித்தார். இந்தியாவின் அரசாட்சி முழுவதும் எழுத்தில் நடக்கிறது என்பது அவர் தந்த முக்கிய விளக்கம். இந்தியாவில் ஓர் அதிகாரி செய்வதும், அவருக்குக் கிடைத்த உத்தரவும், அதற்கான காரணமும், யார் மறுத்தார் என்பதும் பதிவாகி லண்டனுக்கு வருகின்றன. அவை மறுபடி ஆராயப்படுகின்றன. இப்படிப்பட்ட பாதுகாப்பு வேறெந்த அரசிலும் இல்லை என்பது அவர் துணிபு. இந்தியர்கள் தகுதி பெறப் பெற அவர்களை உயர்பதவிகளில் சேர்க்க வேண்டும் என்பதையும் ஏற்றார். ஆனால் பாராளுமன்றத்தின் கட்சிச் சண்டைக்குள் இந்தியா சிக்கக் கூடாது. நடுவே நின்று ஆராயும் கம்பெனி தேவை. பாராளுமன்றம் இங்கிலாந்து மக்களுக்கு ஆற்றும் காவல் பணியை இந்தியாவுக்குக் கோப்பு ஆற்றுகிறது என்பதே இதன் உட்பொருள்.

அதே ஆண்டு சென்னையில் வேறொரு சாட்சியம் தயாராயிற்று. காசுலு லட்சுமிநரசு செட்டி சென்னை வணிகர்; மில் பிறந்த அதே 1806இல் பிறந்தவர். ‘கிரசென்ட்’ என்ற பத்திரிகையை 1844இல் தொடங்கி நடத்தியவர். 1852இல் சென்னை நேட்டிவ் அசோசியேஷனை நிறுவி, சாசன விவாதத்துக்காகப் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். வரிச்சுமை, நீதிமன்றத் தாமதம், கல்விப் புறக்கணிப்பு எல்லாம் அதில் இருந்தன. எல்லாவற்றிலும் கடுமையான குற்றச்சாட்டு, நிலவரி வசூலிக்கச் சித்திரவதை நடக்கிறது என்பது. பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் 1853இல் சென்னைக்கு வந்தபோது, லட்சுமிநரசு அவரை ஊர்களுக்கு அழைத்துச் சென்று ரயத்துகளிடமே பேசவைத்தார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விவாதம் எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமைக்கப்பட்டது. 1855இல் அதன் அறிக்கை வந்தது.

அறிக்கை குற்றச்சாட்டை உறுதி செய்தது. அதில் அடிக்கடி வரும் இரண்டு பெயர்கள் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெயர்களே. ஒன்று கிட்டி: இரு மரத்துண்டுகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்குவது. இன்னொன்று அண்ணாந்தாள்: ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, அசையவிடாமல் வெயிலில் நிறுத்துவது. வரி பாக்கிக்காக இவற்றைச் செய்தவர்கள் தாசில்தாரின் கீழ் வேலை பார்த்த சேவகர்கள். வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் இருந்ததே இதற்கு இடம் கொடுத்தது. முறையிட நினைத்த ரயத்து, வேலையை விட்டுவிட்டுக் கலெக்டரின் கச்சேரிக்குப் பல நாள் நடக்க வேண்டும், கைச்செலவு வேண்டும், திரும்பி வந்தால் அதே தாசில்தாரின் கீழேதான் வாழ வேண்டும். ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் உடந்தை இல்லை என்று குழு விடுவித்தது. அந்த விடுதலை எவ்வளவு தாராளமானது என்று 1857இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகையில் கேலி செய்தார்.

மில்லின் சாட்சியத்தை இந்த அறிக்கையின் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் கோளாறு புரியும். எழுத்தில் நடந்த அரசு எழுதத் தெரிந்தவர்கள் எழுதியதை மட்டுமே பதிவு செய்தது. தாசில்தார் தன் அறிக்கையில் வசூல் தொகையை எழுதுவார், கிட்டியை எழுதமாட்டார். கலெக்டர் அதைத் தொகுப்பார், மாகாண அரசு குறிப்பு சேர்க்கும், லெடன்ஹால் தெருவில் உலகின் ஆகச்சிறந்த தர்க்கவியல் அறிஞர்களில் ஒருவர் இருக்கும் அலுவலகம் அதை ஆராயும். அடியில் விழுந்த ஓட்டையை மேலே எத்தனை பேர் ஆராய்ந்தாலும் காண முடியாது. அந்த ஓட்டையைக் காட்டியது ஒரு மனு. அதை எழுதியது, ஆட்சியில் பங்கு பெறும் பக்குவம் இன்னும் வரவில்லை என்று கருதப்பட்ட மக்கள். நிலவரி மில்லின் நேரடிப் பிரிவு அல்ல என்பதை அவர் பக்கம் சொல்லலாம். ஆனால் முழு அமைப்புக்கும் அவர்தான் நற்சான்று வழங்கினார்.

விலக்கும் விதியும்

1856இல் தந்தை வகித்த தலைமை ஆய்வாளர் பதவிக்கு மில் வந்தார். அடுத்த ஆண்டே பெருங்கிளர்ச்சி. 1858இல் கம்பெனியைக் கலைக்க அரசு முடிவெடுத்தபோது, அதற்கெதிராகக் கம்பெனி பாராளுமன்றத்துக்கு அளித்த மனுவை எழுதியவர் மில். அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு பேரரசைப் பாராளுமன்றம் இழந்துகொண்டிருந்த காலத்தில், அரசுக்குச் செலவில்லாமல் கிழக்கே ஒரு பேரரசைக் கம்பெனி தேடித்தந்தது என்று அது நினைவூட்டியது. சென்னை நேட்டிவ் அசோசியேஷனோ கம்பெனி ஆட்சி போய் அரசியின் நேரடி ஆட்சி வர வேண்டும் என்று ஏற்கெனவே மனுச் செய்திருந்தது. மில்லின் மனு தோற்றது. புதிய இந்தியா கவுன்சிலில் அவருக்கு இடம் அளித்தார்கள். அந்த ஏற்பாட்டிலேயே நம்பிக்கையில்லை என்று மறுத்து, ஓய்வூதியத்தோடு விலகினார். அந்த ஆண்டு நவம்பரில் ஹாரியட் அவிஞோனில் இறந்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து திருத்திவந்த ‘சுதந்திரம் பற்றி’ மறுஆண்டு வெளிவந்தது.

நூலின் முதல் இயலிலேயே விலக்கு வருகிறது. சுதந்திரக் கொள்கை, விவாதத்தால் தம்மைத் திருத்திக்கொள்ளும் நிலையை அடைந்த சமூகங்களுக்கே பொருந்தும். அதுவரை ஓர் அக்பரோ சார்லமேனோ வாய்த்தால் கீழ்ப்படிவதே அவர்களுக்கு வழி என்கிறார். அக்பரின் பெயர் தற்செயலாக வந்ததல்ல. அது அலுவலக மேசையிலிருந்து வந்தது. தந்தையின் பயன்வாதத்தை விரித்து, மனிதன் முன்னேறும் உயிர், அவனுடைய நிலையான நலன்களே பயன் என்று மில் மாற்றியிருந்தார். இந்த விரிவுதான் இங்கிலாந்தில் தனிமனிதச் சுதந்திரத்துக்கு அரணாயிற்று. முன்னேற்றம் என்ற அதே அளவுகோல் இந்தியாவைக் காத்திருப்போர் வரிசையில் நிறுத்தியது.

1861இல் வெளிவந்த ‘பிரதிநிதித்துவ அரசு’ நூலில் முரண்பாடு அட்டைகளுக்கு உள்ளேயே இருக்கிறது. மூன்றாம் இயலில், ஒருவனுடைய உரிமைக்கு அவனே எழுந்து நிற்கும்போதுதான் பாதுகாப்பு என்கிறார். தொழிலாளர் இல்லாத பாராளுமன்றம் எந்தக் கேள்வியையாவது தொழிலாளியின் கண்ணால் பார்த்ததுண்டா என்றும் கேட்கிறார். பதினெட்டாம் இயலில் இந்தியாவுக்கு வந்ததும், அதைப் பயிற்சி பெற்ற நிர்வாகக் குழுவிடம் ஒப்படைக்கிறார். அந்த இயலிலேயே, ஒரு மக்கள் இன்னொரு மக்களை ஆள்வது என்பது உண்மையில் நடவாது, அது மனிதப் பண்ணை வைத்திருப்பதாகவே முடியும் என்றும் எழுதுகிறார். அவர் குறிவைத்தது கம்பெனியை அகற்றிய பாராளுமன்றத்தை. ஆனால் அம்பு போய்ச்சேர்ந்த இடம் வேறு. தாதாபாய் நௌரோஜி போன்றோர் இதே வாதத்தை எடுத்து, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகவே நிறுத்தினார்கள்.

அலுவலகத்தை விட்டபின் மில்லின் சிந்தனை நகர்ந்தது என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1865இல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அதே ஆண்டு ஜமைக்காவில் மொராண்ட் பே கிளர்ச்சியை ஆளுநர் அயர் இராணுவச் சட்டத்தால் நசுக்கியபோது, அவரைக் குற்றக்கூண்டில் ஏற்றப் போராடிய குழுவுக்கு மில் தலைமை தாங்கினார். குற்ற வழக்கு நிற்கவில்லை. ஆனால் கறுப்பின மக்களின் உயிருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று வாதாடியது அவருக்கு வாக்கையும் நட்பையும் இழக்கச்செய்தது.

1866 ஜூனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் மனு ஒன்று அவரிடம் வந்தது, 1,499 கையெழுத்துகள். அதைக் கொண்டுவந்த எமிலி டேவிஸும் எலிசபெத் காரெட்டும் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பிறர் கண்ணில் படாதிருக்க, ஓர் ஆப்பிள்காரியின் மேசைக்கு அடியில் அந்தச் சுருளை வைத்திருந்தார்கள். மில் அதைச் சபையில் அளித்தார். 1867 மே 20, அவருடைய 61ஆவது பிறந்த நாளில், சீர்திருத்த மசோதாவில் ‘ஆண்’ என்பதற்குப் பதில் ‘நபர்’ என்று திருத்தும்படி கோரினார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. பெண்கள் இன்னும் பக்குவப்படவில்லை, கணவனும் தந்தையும் அவர்கள் நலனைக் காப்பார்கள் என்ற வாதத்தை அவர் கிழித்தெறிந்தார். இந்தியாவைப் பற்றி அவர் சொல்லிவந்ததும் ஏறக்குறைய இதே வாதம்தான்.

1869இல் வெளிவந்த ‘பெண்களின் அடிமைநிலை’ நூலில் அலுவலகக் கோப்பு கடைசியாக ஒருமுறை தலைகாட்டுகிறது. ஓர் இந்து சமஸ்தானம் ஒழுங்காகவும் சிக்கனமாகவும் ஆளப்பட்டு, சாகுபடி பெருகி, மக்கள் செழிப்பாக இருந்தால், நான்கில் மூன்று இடங்களில் அங்கே ஆள்பவர் பெண் என்று ஓர் அடிக்குறிப்பில் எழுதுகிறார். நெடுங்கால அலுவல் அனுபவத்தில் கண்டது என்றும் சொல்கிறார். சிறுவயது மன்னர்களுக்காகப் பொறுப்பேற்ற ராணிமார்களை அவர் கடிதங்களில் கண்டிருந்தார். இங்கிலாந்துப் பெண்களுக்கு வாக்கு கேட்க இந்தியப் பெண்ணின் ஆட்சித்திறன் சான்றாயிற்று. அந்த இந்தியப் பெண்ணின் குடிமக்களுக்கு வாக்கு வேண்டுமென்று கேட்கும் இடம் அவர் எழுத்தில் வரவில்லை. 1873 மே மாதம் அவிஞோனில் இறந்தார். லட்சுமிநரசு செட்டி அதற்கு ஐந்தாண்டு முன்பே மறைந்துவிட்டார்.

மில் 1858இல் வேண்டாமென்று மறுத்த இந்தியா கவுன்சிலில் முதன்முதலாக இந்தியர்கள் இருவர் நியமிக்கப்பட்டது 1907இல். சென்னை மனு லண்டன் போய் அப்போது அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.